றோல்ஸ் கொம்பனிக்கு ஒரு பொம்பிளை வேணும்

மூன்று கேள்விகளை விறுவிறென்று நிரப்பிய வாமதேவன் நாலாவதில் பேனாவை வைத்துவிட்டார்.

"நிர்வாகத்திலை எத்தினை பொம்பிளையளாம். அதுக்குக் கீழை, வேறை பின்னணி ஆக்கள் எத்தினை பேராம்."

பாரிஸின் லா சப்பலில் கடை, புறநகர் பொண்டியில் றோல்ஸ் பொரிக்கும் சமையற்கூடம். அந்த றோல்ஸை வாங்கப் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று முன்வந்து இந்தப் படிவத்தை அனுப்பியிருந்தது. இது கைகூடாவிட்டால் சமையற்கூடத்துக்குப் பூட்டு. அங்கே வேலை செய்யும் பதினொரு பெண்களும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவர்களைக் கட்டி மேய்ப்பவர் வாமதேவனின் மனைவி சாரதாதேவி. மாவின் பதம் பார்ப்பதிலிருந்து சுகாதாரப் பரிசோதகருக்குப் பிரெஞ்சில் பதில் சொல்வது வரை அவர்தான். நிர்வாகம் என்பது வாமதேவன், அண்ணன் புண்ணியமூர்த்தி, இரண்டு மச்சான்மார். நாலு பேரும் யாழ்ப்பாணத்தில் ஒரே ஒழுங்கைக்காரர்.

"நான் இருக்கிறன்தானே," என்றார் சாரதாதேவி.

"நீ வீட்டு ஆள். இது கொம்பனி விசயம்."

பதினெட்டு வருடமாக முதல் மெட்ரோவில் வேலைக்குப் போகிற மனிசி வீட்டு ஆளாம். கேட்கவே பற்றிக்கொண்டு வருகிறது.

"கலப்பான நிர்வாகம் இருக்கிற கொம்பனிதான் கனகாலம் நிலைக்குமாம்," என்று வாசித்துச் சிரித்தார் வாமதேவன். "அப்ப நாங்கள் இவ்வளவு காலம் நிண்டது என்னெண்டு?"

அதற்குச் சாரதாதேவியிடம் பதில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

வாமதேவன் அண்ணன் மகள் கஜனியை இயக்குநர் என்று எழுதி அனுப்பினார். வணிகம் படிக்கிற பிள்ளை. அவளுக்கே மறுநாள்தான் சொன்னார்.

"சித்தி ஏன் இல்லை, சித்தப்பா?"

"அவவுக்கு உது விளங்காது, பிள்ளை."

"நோன்," என்று பிரெஞ்சிலேயே மறுத்தாள் கஜனி. தான் இயக்குநரே இல்லை என்று அன்றைக்கே சூப்பர்மார்க்கெட்டுக்கு மின்னஞ்சலும் போட்டுவிட்டாள்.

பதில் வாமதேவனுக்கு வந்தது. வெள்ளிக்கிழமை அதிகாரி நேரில் வருவார். கொம்பனிப் பதிவுப் பத்திரமும் ஊழியர் பட்டியலும் மேசையில் இருக்கவேண்டும்.

பெண் போனாலும் 'வேறை பின்னணி'யையாவது காப்பாற்றுவோம் என்று அவர் வான் ஓட்டுகிற ழான்-மார்க்கைப் பிடித்தார். பதின்மூன்று வருடம் எங்கள் ஆட்களை ஏற்றியிறக்கி, யாழ்ப்பாணத் தமிழைக் கரைத்துக் குடித்த பிரெஞ்சுக்காரர் அவர்.

"இண்டையிலை இருந்து நீ டிரெக்டர்."

"சம்பளம்?"

"அதேதான்."

"அப்ப வானை ஆர் ஓடுறது?"

"நீதான். முதல்லை கணக்காளரிட்டைப் போய் அந்தப் பேப்பருகளை எடுத்துக்கொண்டு வா."

வெள்ளி காலையும் விடிந்தது. வேறு வழியில்லாமல் வாமதேவன் சமையற்கூடத்துக்கு ஓடினார்.

"சாரதா, ஏப்ரனைக் கழட்டிப்போட்டு வந்து ஒரு மணித்தியாலம் இரு. வாய் திறக்காதை. நான் விரல் வைக்கிற இடத்திலை கையெழுத்தைப் போடு."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து சாரதாதேவி அவர் விரல் வைத்த இடத்திலெல்லாம் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவர். இந்த முறை கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"வாசிச்சுப்போட்டுத்தான் போடுவன். இன்னொண்டு. அந்தக் கதிரையிலை இருந்தனெண்டால் பிறகு எழும்பமாட்டன்."

"சரி, சரி, வா," என்றார் வாமதேவன். மனதுக்குள் திங்கட்கிழமையே எழுப்பிவிடலாம் என்ற கணக்கு. எத்தனை பேர் இப்படி ஒரு நாளைக்கென்று கதிரை கொடுத்திருப்பார்கள்.

சாரதாதேவியும் புண்ணியமூர்த்தியும் புது டிரெக்டர் ழான்-மார்க்கும் இருந்த மேசையில் அதிகாரி வந்து அமர்ந்ததும் வாமதேவன் தொண்டையைச் செருமினார்.

"மதாம், என் மனைவியை இன்று நிர்வாகத்தில் சேர்க்கிறோம்," என்றார் பிரெஞ்சில்.

அதிகாரி பதிவுப் பத்திரத்தைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அதை ழான்-மார்க்கின் பக்கம் தள்ளினார். ழான்-மார்க் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார்.

"இவவைச் சேர்க்கேலாது, அண்ணை. கொம்பனியே இவவின்ரை பேரிலைதான் கிடக்கு."

புண்ணியமூர்த்தி திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"அது... கொம்பனி துவங்கேக்கை எனக்கு விசா இல்லை. சும்மா பேருக்குப் போட்டது, மறந்துபோச்சு," என்று முனகினார் வாமதேவன். "அப்ப என்ரை பேர் ஒரு இடத்திலையும் இல்லையே?"

ழான்-மார்க் ஊழியர் பட்டியலைப் புரட்டினார்.

"இருக்கு, அண்ணை. எனக்குக் கீழை. வான் உதவியாள்."