கட்டுக்கரைக் குளத்தில் நின்ற படகுகள்

என் பிடிவாதத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டு கொஞ்சக் காலம் திரிந்தேன். இப்போது அதற்கும் தெம்பில்லை.

மன்னாரில் நானும் ஜெசிந்தாவும் சேர்ந்து மென்பொருள் எழுதத் தொடங்கிய நேரம் அது. முதல் வேலை ஒரு மீனவர் சங்கத்துக்கான செயலி. கடலுக்குப் போன படகுகள் எங்கே நிற்கின்றன என்று வரைபடத்தில் காட்ட வேண்டும். அது சரிவராவிட்டால் இருவரும் வேலை தேடிக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

எழுதும் நிரல்களை எங்கே சேர்த்து வைப்பது என்பதில் எங்களுக்குள் சண்டை. ஊர் உலகமெல்லாம் பாவிக்கிற இலவசத் தளம் ஒன்றைச் சொன்னாள் ஜெசிந்தா. யாரோ வெளிநாட்டுக் கம்பனியிடம் நம் உழைப்பைக் கொடுப்பதா என்று கேட்டு, என் அறையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரையே சேவர் ஆக்கினேன். (திருட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்று நினைப்பு.)

"கரண்ட் போனால்?"

"பற்றரி இருக்கு."

"அதுவும் முடிஞ்சால்?"

"நீர் சும்மா பயப்படுறீர்," என்றேன்.

ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழா வந்தது. வீட்டோடு போய்க் கூடாரமடித்து நாலு நாள் தங்குவது எங்கள் வழக்கம். சங்கத்துக்குச் செயலியைக் காட்டும் நாளும் அதற்குள்தான் விழுந்தது. "எல்லாம் சேவரில இருக்கு, காலமை எடுத்துக் காட்டும்," என்று ஜெசிந்தாவிடம் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறினேன்.

செயலியைக் காட்ட வேண்டிய நாள் காலையில் அவளிடமிருந்து அழைப்பு. "உம்மட சேவர் செத்துக் கிடக்குது."

கூடார வாசலில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். வீட்டில் கரண்ட் இருக்குமா என்று கேட்டேன்.

"மெயினை நிப்பாட்டிட்டன். வீட்டைப் பூட்டிட்டு வரேக்க நிப்பாட்டாமல் வாறதோ?"

வருடா வருடம் அப்படித்தான் நிப்பாட்டுவார். நானே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டுச் சாவியும் அவருடைய கைப்பையில் இருந்தது.

ஜெசிந்தாவின் மடிக்கணினியில் இருந்தது பழைய பிரதி. அதில், சோதித்துப் பார்ப்பதற்காக நான் கண்ட இடத்தில் படகுகளைப் போட்டு வைத்திருந்தேன். சங்கத் தலைவர் திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாராம்.

"பிள்ளை, எங்கட போட்டெல்லாம் என்னத்துக்குக் கட்டுக்கரைக் குளத்துக்க நிக்குது?"

அவள் வரைபடத்தைக் கடல் பக்கம் இழுத்துப் பார்த்தாள்; படகுகள் எல்லாம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் அந்தக் குளத்தில்தான் நின்றன.

"நாங்கள் வயல் செய்யிற ஆக்கள் இல்லைப் பிள்ளை," என்று சொல்லிவிட்டு அவர் எழும்பிவிட்டார். வேலை அதோடு போனது. எனக்கு வெட்கமென்றால் வெட்கம். அன்று மாதாவின் முகத்தைக்கூட நேரே பார்க்கவில்லை.

சொன்னபடியே கொழும்புக்கு பஸ் ஏறினோம். (பக்கத்துப் பக்கத்து சீட். கலியாணத்தில் போய் முடிந்தது.) எங்கள் நிரல்கள் எல்லாம் இப்போது அவள் சொன்ன தளத்தில்தான் இருக்கின்றன.

இன்றும் மடுவுக்குப் புறப்படும்போது, மெயின் சுவிச்சில் கையை வைத்துக்கொண்டு அம்மா மருமகளிடம் கேட்பார்.

"பிள்ளை, போட்டெல்லாம் கரைக்கு வந்திட்டுதோ? நிப்பாட்டட்டோ?"

"அதுகள் குளத்துக்க பத்திரமா நிக்குது மாமி. நீங்கள் நிப்பாட்டுங்கோ."

நான் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வான் வண்டிக்குப் போவேன்.