வெக்ஸ்போர்ட் தொகுதிக் காங்கிரஸ்மன்

உலகத்திலேயே வாய் திறக்காமல் அரசியல் செய்த ஒரே மனிதர் எங்கள் காங்கிரஸ்மன்தான். பேசிப் பேசியே நாட்டை நாசமாக்கியவர்களைக் கண்டு ஓடிவந்த எங்களுக்கு, அப்படி ஒருவர் அடுத்த கதவில் குடியிருந்தது பெரிய ஆறுதல்.

தொண்ணூறுகளின் பின்பாதி. ரொறொன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பழைய தொடர்மாடியில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஒரு பிலிப்பைன்ஸ் நேர்ஸ்; அவருடைய தகப்பன்தான் காங்கிரஸ்மன். சொந்தப் பெயர் என்னவென்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை. ஊரில் ஒரு தவணை பாராளுமன்றத்தில் இருந்தவர்; அங்கே எம்.பி.யைக் காங்கிரஸ்மன் என்றுதான் சொல்வார்களாம். அடுத்த தேர்தலில் சொந்தத் தங்கையின் மகனிடமே தோற்றார். மிச்சமிருந்த காணியையும் இவர் தேர்தலிலே கரைத்துவிடுவார் என்று பயந்த மகள், மனிதரைத் தூக்கிக்கொண்டு ரொறொன்ரோ வந்துவிட்டார்.

அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். அப்படியே தருகிறேன்.

"முதல் ஐஸ் செய்து மீன்காரருக்கு வித்தன். பிறகு பஸ் ஓட்டினன். தேர்தல் கூட்டங்களுக்கு என்ர பஸ்ஸிலதான் சனத்தை ஏத்துவாங்கள். ஒருநாள் வேட்பாளர் வரேல்லை. பஸ்ஸின்ர கூரையில ஏறி, 'கூட்டம் இல்லை, எல்லாரும் வீட்டை போங்கோ' எண்டன். சனம் கை தட்டிச்சுது. சரி, எனக்கும் பேச்சு வருகுது எண்டு நினைச்சிட்டன்."

அவர் செய்த மிகச் சிறந்த பேச்சு அதுதான். பாராளுமன்றம் போனால் சுற்றிவர முழுக்க வழக்கறிஞர்கள். இவர் தவணை முழுவதும் ஒரேயொரு தடவைதான் கை தூக்கினார். ஏசி கூடிவிட்டது, குறைக்க முடியுமா என்று கேட்பதற்காக. அது ஏகமனதாக நிறைவேறியது. "என்ர ஒரே தீர்மானம்" என்பார், நெஞ்சை நிமிர்த்தி.

எங்களிடம் அவர் பொறுக்கிய தமிழ் ஒரே சொல். "பாப்பம்." எலிவேற்றர் வேலை செய்யவில்லையா, பாப்பம். பனி கொட்டப் போகுதா, பாப்பம். "உங்கட பாசையில இது அருமையான சொல். இந்த ஒண்டை வைச்சே ஒரு அரசாங்கம் நடத்தலாம்" என்றார். நடத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்றேன்.

அந்த வருஷம் ஜனவரியில் கட்டடத்தைச் சூடாக்கும் பொயிலர் படுத்துவிட்டது. எங்கள் மகள் பிறந்து ஒரு மாதம் ஆகவில்லை, துடக்குக்கூடக் கழியவில்லை. சமையல் அவணைச் சூடாக்கிக் கதவைத் திறந்துவைத்து, அதன் முன்னால் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மனைவி இருப்பாள். பிள்ளைக்குச் சளி பிடித்து, மூச்சு விடும்போது நெஞ்சு கறகறவென்றது. இப்படியே குளிரில் வைத்திருந்தால் ஆஸ்பத்திரிதான் என்று டொக்டர் சொல்லிவிட்டார். கட்டட முதலாளியோ, ஆளுக்காள் போன் எடுக்க வேண்டாம், ஒரு பிரதிநிதியைத் தெரிவு செய்து அனுப்புங்கள், அவரோடு மட்டும் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

தெரிவு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், காங்கிரஸ்மனுக்கு வயது பாதியாகக் குறைந்தது. பூவேலை செய்த மெல்லிய வெள்ளைச் சட்டையைப் போட்டு, அதற்கு மேலே மகளின் குளிர் ஜாக்கெற்றையும் மாட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டினார். கைகுலுக்கினார். அழுகிற பிள்ளை, அழாத பிள்ளை எல்லாவற்றையும் தூக்கினார். எங்கள் பிள்ளையைத் தூக்கியபோது மட்டும் கையையும் காலையும் தொட்டுப் பார்த்து, கொஞ்ச நேரம் நெஞ்சோடு அணைத்து வைத்திருந்துவிட்டுத் தந்தார்.

எதிர்த்து நின்றவர் தையற்கார நானா, எங்கள் நாட்டு முஸ்லிம் மனிதர். கட்டடத்தில் பாதிப்பேரின் காற்சட்டை அவர் கையால் நீளம் குறைந்ததுதான். "எனக்கு உது வேணாம் தம்பி, நீங்க எல்லாரும் தள்ளி விட்டுட்டீங்க" என்றார். அவர் செய்த பிரசாரம் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கீழே பொது அறையில் கூட்டம். எல்லோரும் ஜாக்கெற்றோடு குந்தியிருக்கிறோம். காங்கிரஸ்மனின் உறவுக்காரர் இருவர், பெரிய தட்டொன்றைத் தோளில் சுமந்து வந்தார்கள். மேலே மூடியிருந்த வாழையிலையை விலக்கினால், முழுப் பன்றி. சுட்டுச் சிவந்து, வாயில் ஒரு அப்பிளோடு எங்களைப் பார்த்துப் படுத்திருந்தது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் சனம் மச்சம் மாமிசம் தொடாது. போதாததற்கு நோன்பு மாதம். நானாவின் ஆட்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்கக் காத்திருக்கிறார்கள். தட்டுப் பக்கம் ஒரு கையும் நீளவில்லை.

"எங்கட மாகாணத்தில ஒரு மனுசனும் பன்றிக்கு எதிரா வோட்டுப் போட்டதில்லை" என்றார் காங்கிரஸ்மன் மெதுவாக. என்ன பிழை நடந்தது என்று அவருக்கு இன்னும் விளங்கவில்லை.

நானாதான் எழும்பினார். "ஐயா நல்ல மனசோட கொண்டு வந்திருக்கிறார். நாங்க கொஞ்சம் அங்கால தள்ளியிருந்து நோன்பு திறக்கிறம். ஒருத்தரும் அவரை ஒண்டும் சொல்லக்கூடாது."

பின்வரிசையில் பிறம்ரன் வெயர்ஹவுஸில் வேலை செய்யும் ராசன் என் காதுக்குள் பெருமூச்சு விட்டான். "வேற நாளெண்டா நான் அந்தப் பன்றியை விட்டிருக்க மாட்டன் மச்சான்."

நானாவுக்கு ஆதரவானவர்கள் கை தூக்குங்கள் என்றதும், அறை முழுக்கக் கை. காங்கிரஸ்மன் ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையையும் தூக்கினார்.

"என்ன ஐயா, நீங்களுமோ?" என்றேன்.

"வெல்லுற பக்கம் தாவத் தெரியாதவன் என்ன அரசியல்வாதி? இப்ப நானும் அரசாங்கம்."

அரசாங்கம் மறுநாள் காலை நானாவின் கதவைத் தட்டி, தானும் வருவேன் என்று நின்றது. கார் என்னுடையது. மூவரும் முதலாளியின் கந்தோருக்குப் போனோம். நானா மரியாதையாக இரண்டு வசனம் சொன்னார். பொயிலருக்கு ஒரு சாமான் வரவேண்டும், இன்னும் இரண்டு கிழமை செல்லும் என்று முதலாளி எங்களைப் பார்க்காமலே சொன்னார். நானா என்னைப் பார்த்தார். எனக்கு மகளின் நெஞ்சுச் சத்தம் காதுக்குள் கேட்டது.

காங்கிரஸ்மன் எழும்பி மகளின் ஜாக்கெற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கனம் சபாநாயகர் அவர்களே" என்று தொடங்கினார்.

நானும் நானாவும் நிலத்தைப் பார்த்தோம். முதலாளியின் வாய் திறந்தபடி நின்றது.

"நான் ஐஸ் வித்தவன். குளிரைப் பற்றி எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. மீனைக் குளிருக்குள்ள வைக்க வேணும், இல்லாட்டிப் பழுதாப் போகும். செத்ததைத்தான் ஐயா குளிருக்குள்ள வைக்கிறது. இந்தத் தம்பியின்ர பிள்ளை உயிரோட இருக்குது. நேற்றுத்தான் தூக்கிப் பாத்தனான். கையும் காலும், நான் வித்த மீன் மாதிரி இருந்துது."

தொடர்ந்தும் பேசினார். சபாநாயகரை விட்டுவிட்டுப் பிலிப்பினோவில் பேசினார், திரும்ப ஆங்கிலத்துக்கு வந்தார். ரைப் பண்ணிக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டு முதலாளியையே பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. போனை எடுத்தார். எங்கேயோ கத்தினார். இரண்டு கிழமையில் வரவேண்டிய சாமான் அன்று பின்னேரமே வந்தது. இரவு குழாய்கள் டங் டங்கென்று அடிக்கத் தொடங்க, மனைவி அவணை மூடினாள். மகள் விடியும்வரை நித்திரை கொண்டாள்.

காங்கிரஸ்மன் பிறகு ஊருக்குப் போய் மறுபடி தேர்தல் கேட்டார். அதே மருமகனிடம் மறுபடி தோற்றார் என்று நேர்ஸ் சொன்னார். அந்தச் சனத்துக்கு ஆளின் அருமை தெரியவில்லை.

அப்போது எங்களுக்குக் கனடாவில் வோட்டு இல்லை. பிறகு சிற்றிசன்ஷிப் கிடைத்து, எத்தனையோ தேர்தலில் வரிசையில் நின்று போட்டாயிற்று. ஆனாலும் உங்கள் தொகுதிக்கு எம்.பி. யார் என்று யாராவது திடீரென்று கேட்டால், எனக்கு முதலில் நினைவில் வருகிறவர், நான் வோட்டுப் போடாமல் விட்ட அந்த மனிதர்தான்.