பத்தொன்பது நிமிடம் முந்திய கணினி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. தங்கையும் இரட்டைக் குழந்தைகளும் நலம். இரண்டும் பெண், இரண்டுக்கும் உங்கள் மூக்கு, அதற்கு எங்கள் வீட்டார் பொறுப்பல்ல. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து உங்களுக்கு வந்த பிறப்புச் செய்தியில் மூத்தவள் யார் என்பது தலைகீழாகிவிட்டது. அதற்கு நான்தான் பொறுப்பு.

இங்கே பிரசவ வார்டுக்கு ஒன்று, ஆபரேஷன் தியேட்டருக்கு ஒன்று என்று இரண்டு மெயின்ஃபிரேம், அதாவது பெரிய கணினிகள். இரண்டும் நேரம் சொல்லும் ஒரே கருவியிடம் மணி கேட்டு ஒத்துப்போக வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. காலையில் தங்கைக்கு வலி கண்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து வார்டுக் கணினி நின்று தொலைத்தது, மறுபடி கிளப்பினேன், மணி கேட்கும் கேபிளைச் செருக மறந்தேன், அது நேரம் என்னவென்று என்னையே கேட்டது, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தட்டிவிட்டு வார்டு வாசலுக்கு ஓடினேன். வேலைக்குப் பிந்தக் கூடாதென்று பத்தொன்பது நிமிடம் கூட்டி வைத்திருக்கும் கடிகாரம் அது. வார்டுக்குள் குழந்தை அழுதது. உடனே தங்கையைத் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆக, ஒருத்தி வார்டில், ஒருத்தி தியேட்டரில். பதிவில் இருப்பதோ 10:25, 10:30, எது எந்தக் கணினியில் ஏறியது என்று இல்லை. முந்தி ஓடும் கணினிதானே கூடுதல் மணி காட்டும், ஆகவே 10:30 வார்டுக்காரியுடையது. வார்டுக்காரியின் 10:30-இல் பத்தொன்பதைக் கழித்தால் 10:11, அவளே மூத்தவள். மூத்தவனாகப் பிறந்து நான் ஒரு சுகமும் காணவில்லை, என்றாலும் அந்தப் பட்டத்தை உரியவளிடமிருந்து பிடுங்க மனம் வரவில்லை.

முந்தி ஓடும் கணினியைப் பின்னால் இழுக்கவும் கூடாது, பதிவுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும். நிறுத்திவிட்டு, நிஜ நேரம் வந்து சேரும்வரை காத்திருக்க வேண்டும். தலைமை நர்ஸ் வந்து நின்றார்.

"என்ன சார் பண்றீங்க?"

"நேரம் வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

"அதுக்குத்தான் எல்லாருமே உக்காந்திருக்கோம். மெஷின் எப்ப வரும்?"

பத்தொன்பது நிமிடமும் வார்டுப் பதிவுகளை அவர் காகிதத்தில் எழுதினார், என்னை முறைத்தபடியே. பிறகு நான் பிறப்புப் பதிவைத் திருத்தி, மேலதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டேன்.

லீவு கிடைத்ததும் வந்து சேருங்கள். அதுவரை மூவரையும் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டுமுன் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அண்ணா, ரெண்டுமே தியேட்டர்லதான் பொறந்துச்சு. வார்டுல நீ கேட்டது பக்கத்துக் கட்டில் குழந்தை" என்றாள். ஆகவே உங்களுக்கு வந்த செய்தியே சரி, நான் திருத்தியதுதான் பிழை. அதைப் பழையபடி மாற்றிவிட்டு, பக்கத்துக் கட்டில் குழந்தைக்குப் பத்தொன்பது நிமிடம் குறைக்க வேண்டும். அதன் அப்பா கொஞ்சம் முரட்டு ஆசாமியாகத் தெரிகிறார்.