முப்பத்தொன்பது பேருக்கு 9.8

அன்புள்ள சித்திக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் இருமலும் சுகமாகத்தான் இருக்கிறது. இன்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்ததை, அங்குள்ள மேசையில் உட்கார்ந்தே, உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். நான் அழுததையும் மறைக்கப்போவதில்லை.

இந்த ஆய்வுக்கூடம் ஆண்டுக்கு ஒருமுறை, செய்முறைத் தேர்வன்று மட்டும்தான் திறக்கும். தொட்டால் எல்லாம் உடைந்துவிடுமாம். வாராவாரம் திறக்க வேண்டும் என்று அறிவியல் டீச்சர் இரண்டு வருடமாக மனு எழுதி, இன்று தலைமையாசிரியரோடு கல்வி அதிகாரி நேரில் வந்தார். அதிகாரிக்குத் திருப்தியானால் திறப்பு. இல்லையென்றால் பழைய பூட்டு.

ஊசல் சோதனை செய்தோம். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, ஆகும் நேரத்தை அளந்து, பூமியின் ஈர்ப்பைக் கணக்கிட வேண்டும். விடை 9.8 என்று புத்தகத்திலேயே இருப்பதால், முதலில் விடையை எழுதிவிட்டு, பிறகு அதற்கேற்ற அளவுகளைத் தயாரிப்பது எங்கள் வகுப்பு வழக்கம். வகுப்புத் தலைவி, பட்டப்பெயர் தசமம், இதில் புலி.

அதிகாரி நோட்டுகளைப் புரட்டினார். வரிசையாக முப்பத்தொன்பது 9.8. டீச்சர் முகம் மலர்ந்தது. அதிகாரி மேசையிலிருந்த ஒரே ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிப் பார்த்தார். உள்ளே பேட்டரியே இல்லை.

"எதை வெச்சும்மா நேரம் பாத்தீங்க?"

"மனசுக்குள்ள எண்ணினோம் சார்" என்றாள் தசமம்.

"எல்லார் மனசும் ஒரே மாதிரி எண்ணிச்சா?"

"நாங்க ரொம்ப ஒத்துமை சார்."

டீச்சர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். அடுத்தது என் நோட்டு. அப்போதுதான் அழுதேன் சித்தி. 'கடிகாரம் ஓடவில்லை. என் நாடியை எண்ணினேன். நிமிடத்துக்கு 72 என்று வைத்துக்கொண்டேன். விடை 4.4' என்று எழுதியிருந்தேன்.

"4.4ன்னா நீ பூமியிலயே இல்லியேம்மா!" என்றவர், ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார். "பூமி சரியாத்தான் இருக்கு. உன் நாடிதான் நூத்தியேழு அடிச்சிருக்கு. என்னைப் பாத்து அவ்ளோ பயமா?"

"உங்களைப் பாத்து இல்ல சார். எல்லாருக்கும் 9.8 வந்துடுச்சு, எனக்கு மட்டும் வரலியேன்னு."

கண்ணாடி நழுவும்வரை சிரித்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்து, "விடையை மறந்துட்டு ஆட்டுங்க" என்றார். அவ்வளவுதான், தலைமையாசிரியரின் கடிகாரமும் இறங்கியது, தசமத்துக்கு 11.3 வந்தது, நம்பாமல் நூலைப் பிடித்து உலுக்கினாள், குண்டு கழன்று தலைமையாசிரியரின் டீக்குள் விழுந்தது, பக்கத்து மேசைக்கு எண்ணிக்கொண்டிருந்த அவர் சட்டையைக்கூடத் துடைக்காமல் "பேசாதீங்க, பதினேழாவது ஆட்டம்!" என்று அதட்டினார், மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை, ஒருவர் விடை இன்னொருவருக்கு வரவில்லை, எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்டால் 9.7! அதிகாரி டீச்சரிடம், "இதுங்களைப் பூட்டி வைக்க முடியாது, ரூமை மட்டும் ஏன் பூட்டணும்?" என்று கையெழுத்துப் போட்டார். இனி புதன்தோறும் ஐந்து மணிவரை திறப்பு.

இப்போது மணி ஐந்து. ஆய்வுக்கூட உதவியாளர் அண்ணன் சாவியோடு வந்துவிட்டார். எல்லாரும் வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். சித்தப்பாவுக்கு என் வணக்கம், பாப்பாவுக்குக் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே எழுதும்
உங்கள் அக்கா மகள்

பி.கு.: கிளம்பிவிட்டோம் என்றது பொய். பூட்ட வந்த அண்ணன் அலமாரியிலிருந்து ஒரு முக்கோணக் கண்ணாடியை எடுத்து, "பன்னெண்டு வருஷமா இதைத் துடைக்கிறேன். இது என்னதான் பண்ணும்னு ஒருத்தரும் சொன்னதில்ல டீச்சர்" என்றார். டீச்சர் டார்ச்சைத் தேடி எடுத்துவிட்டார். தசமம் ஜன்னல்களைச் சாத்திவிட்டாள். ஏழு நிறமும் தெரிய இருட்டு வேண்டுமாம். கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும் சித்தி, அண்ணன் விளக்கை அணைத்துவிட்டார்.