எழுப்பானந்தரின் காப்பு

காலை ஒன்பது மணிக்கே படிக்கட்டு நிரம்பிவிட்டது. மேல்மாடி வக்கீல், அடுத்த அறைப் பயண ஏஜென்ட், எதிர்க் கட்டடத்துப் பல் மருத்துவர், எல்லாரும் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு லேப்டாப், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் மார்போடு அணைத்தபடி. பல் மருத்துவர் மற்றவர்களைக் காக்கவைத்தே பழகியவர். அன்று அவரும் காத்து நின்றார். எழுப்பானந்தர் வருகிறார் என்றால் சும்மாவா?

எழுப்பானந்தர் என்பது நாங்கள் வைத்த பெயர். கேலிக்காக வைத்தோம், ஒரே வாரத்தில் அது பக்தியாகிவிட்டது. அதற்கு முன்பு அவர் எங்கள் கட்டட வாசலில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தார். அப்போதுதான் லேப்டாப்பை இயக்கும் மென்பொருளின் புதுப்பதிப்பு ஒன்று வந்தது. ஒரு திங்கட்கிழமை எல்லா லேப்டாப்பிலும் தானாக ஏறிக்கொண்டது, கூடவே ஒரு வியாதியும் ஏறிக்கொண்டது. மூடினால் தூங்கும், திறந்தால் எழுந்திருக்காது. ஓரத்தில் சின்ன விளக்கு மட்டும் சிமிட்டும், திரை கறுப்பாகவே கிடக்கும். கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. திரை கறுத்தால் எங்களுக்கு வேலையே இல்லை.

போன் உறைக்காரர் மாடியேறி வந்தார். எல்லாரையும் மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார். லேப்டாப்பை மடியில் வைத்துக் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கொஞ்ச நேரத்தில் திரையில் வெளிச்சம் வந்தது. முணுமுணுக்கும்போது அவருடைய கட்டைவிரல் பவர் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தது. நாங்கள் விரலைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தோம். அந்தப் பட்டனை நெடுநேரம் அழுத்தினால் லேப்டாப் அணைந்துபோகும், பிறகு ஒரு தட்டு தட்டினால் முதலிலிருந்து தொடங்கும் என்று பெட்டியோடு வந்த கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கையேட்டை யார் படிக்கிறார்கள்?

பத்தே நாளில் கம்பெனிக்காரர்கள் திருத்தம் ஒன்றை அனுப்பினார்கள். வியாதி போய்விட்டது. எழுப்பானந்தரின் பிழைப்பில் மண் விழுந்தது. ஆனால் மனிதர் அசரவில்லை. மறுநாளே ஒரு பை நிறையக் காப்புகளோடு வந்தார். கறுப்புப் பட்டை, நடுவில் செம்பு பூசிய ஒரு தடித்த குமிழ். புதுப்பதிப்பு வந்தபோது பழைய பதிப்பின் ஆவி வெளியேறிவிட்டதாம். போக்கிடம் இல்லாமல் அலைகிறதாம். இடது மணிக்கட்டில் இதைக் கட்டிக்கொண்டால் அண்டாதாம். காப்புக்கு விலை கிடையாது, காணிக்கை மட்டும்தான். காணிக்கைக்கு விலை உண்டு.

முதலில் கட்டிக்கொண்டவர் எங்கள் மேலாளர். நானும் கட்டிக்கொண்டேன், மறைப்பானேன்? கட்டடம் எத்தனை பாரம் தாங்கும் என்று கணக்குப் போடுகிற மண்டை என்னுடையது.

காப்பு கட்டிய பிறகுதான் போன வியாதி திரும்பி வந்து முற்றியது. நன்றாக வரைந்துகொண்டிருப்போம், பொசுக்கென்று திரை இருண்டுவிடும். பதறிப்போய் இரண்டு கையையும் வைத்துத் தட்டு தட்டென்று தட்டுவோம், அசையாது. ஆள் அனுப்புவோம். எழுப்பானந்தர் வந்து மூன்றடி தள்ளி நிற்கச் சொல்வார், ஒரே ஒரு எழுத்தைத் தொடுவார், வெளிச்சம் வந்துவிடும். காப்பு கட்டியும் இந்தக் கதி என்றால் கட்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லி நடுங்கினோம்.

இன்னொரு கட்டளையும் போட்டார். செய்கிற வேலையை லேப்டாப் தானாகவே அவ்வப்போது சேமித்துக்கொள்ளும் அல்லவா, அது அதன் தியானத்தைக் கலைக்கிறதாம். அதை அணைத்துவிட்டு, சாயங்காலம் ஒரு தடவை சேமித்தால் போதும் என்றார். அணைத்தோம். அதற்குப் பிறகு திரை இருண்டால் எங்களுக்கு உயிரே போய்விடும். கூப்பிட்ட குரலுக்கு அவர் வரவேண்டுமென்று காணிக்கையை இரட்டிப்பாக்கினோம்.

என் தங்கையும் அதே அலுவலகத்தில்தான் தற்காலிக வேலையில் இருந்தாள். ஒரு பள்ளிக்கூடத்தின் படிக்கட்டு வரைபடத்தைத் திருத்தும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் முடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம், கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை வரவேண்டாம் என்று மேலாளர் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். அன்று காலையிலிருந்து அவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. ஒவ்வொரு படியாக அளந்து, உயரம் குறைத்து, கைப்பிடி மாற்றி, முக்கால்வாசிக்கு மேல் முடித்துவிட்டாள். இரண்டேகாலுக்குத் திரை இருண்டது. ஒரு கோடுகூடச் சேமிக்கப்படவில்லை.

எழுப்பானந்தர் வந்தார், அவர் பின்னாலேயே வக்கீலும் பல் மருத்துவருமாக ஒரு கூட்டமும் வந்தது. இந்தத் தடவை யாரையும் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. தங்கையின் இடது கையைப் பிடித்து எழுத்துப் பலகையின் ஓரத்தில் வைத்தார்.

"கையை அப்படியே வைம்மா. எடுத்தா உள்ளே இருக்கிறது எல்லாம் போயிடும்."

பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த டாக்டர் மாதிரி குரலைத் தாழ்த்தினார். சின்னக் காப்பு தாங்கவில்லை, பெரிய காப்புதான் கட்டவேண்டும் என்றார். அதற்கான காணிக்கை அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். முடியாதென்றால் முழு விடுதலைதான், அதாவது பட்டனை அழுத்துவது. லேப்டாப் பிழைக்கும், காலையிலிருந்து வரைந்தது பிழைக்காது. தங்கை வெளுத்த முகத்தோடு கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். பணம் அனுப்பப் போனை எடுத்துவிட்டேன். இப்போது அதை நினைத்தால் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது.

அந்த நேரத்தில்தான் கடிகாரக்கார அக்கா மேலே வந்தார். தரைத்தளத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் கடை அவருடையது. மேலாளரின் கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர், கொடுக்கும்போதே சிடுசிடுத்தார்.

"இந்த மாசம் இது மூணாவது தடவை சார். காந்தம் ஏறின கடிகாரம்தான் இப்படித் தலைதெறிக்க ஓடும். உங்க மாடியிலேர்ந்து மட்டும் ஏழு கடிகாரம் வந்திருக்கு. இங்க என்னதான் பண்றீங்க?"

மேலாளர் இரண்டு வாரமாக எல்லாக் கூட்டத்துக்கும் கால் மணி நேரம் முன்னதாகவே போய்க்கொண்டிருந்தார். அதையும் காப்பின் மகிமை என்றே நம்பியிருந்தார்.

அக்கா பையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்தார். கடிகாரத்தில் காந்தம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அந்தத் தொழிலில் எல்லாரும் வைத்திருப்பதுதான். மேசை மேல் வைத்தபோது முள் சும்மா நின்றது. தங்கையின் மணிக்கட்டுக்கு அருகே கொண்டுபோனதும் சுழன்று காப்பைப் பார்த்து நின்றது. கூட்டம் வாயைப் பிளந்தது. எழுப்பானந்தர் கொஞ்சமும் கலங்கவில்லை. முள்ளே காப்பைக் கும்பிடுகிறது பாருங்கள் என்றார். பல் மருத்துவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அக்கா மேசையிலிருந்த குண்டூசி ஒன்றை எடுத்துக் காட்டினார். அது தாவிப்போய் காப்பில் ஒட்டிக்கொண்டது. குண்டூசிக்கும் பக்தி வந்துவிட்டதா என்று கேட்டார். பிறகு விளக்கினார். லேப்டாப்பின் மூடியில் ஒரு காந்தம் இருக்கிறது. மூடும்போது அது எழுத்துப் பலகையின் ஓரத்துக்கு நெருங்கி வரும், அந்த நெருக்கத்தை வைத்துத்தான் மூடிவிட்டார்கள் என்று லேப்டாப் தெரிந்துகொண்டு தூங்கும். காந்தத்தைக் கையில் கட்டிக்கொண்டு அந்த இடத்தில் கையை வைத்தாலும் அதற்கு அதே கணக்குதான். தன் கடை லேப்டாப் மீது காந்தம் ஏறிய இடுக்கியை வைத்தபோது அதுவும் இப்படித்தான் தூங்கியதாம். மூன்றடி தள்ளி நின்றபோதெல்லாம் ஏன் எழுந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கையை எடும்மா," என்றார் அக்கா.

எடுத்தால் நடப்பதற்குத் தாம் பொறுப்பில்லை என்றார் எழுப்பானந்தர். தங்கை என்னைப் பார்த்தாள். அண்ணன் என்று பெயர், நான் தரையைப் பார்த்தேன். அவள் அக்காவிடமே கேட்டாள்.

"எல்லாம் போயிடுச்சுன்னா, அக்கா?"

"விளக்கு சிமிட்டுது பாரு. தூங்குது, சாகல. தூங்கிட்டு இருக்கிறது மேலேர்ந்து கையை எடுத்தா அது செத்துப் போயிடுமா? நீயே யோசிச்சுச் சொல்லு."

தங்கை யோசித்தாள். எங்கள் மாடியில் பல வாரங்களுக்குப் பிறகு ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை. கையை எடுத்தாள். காப்பைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டு ஓர் எழுத்தைத் தொட்டாள். திரை வெளுத்தது. படிக்கட்டு அப்படியே நின்றது, ஒரு படிகூடக் குறையாமல். அவள் முதல் காரியமாகச் சேமித்தாள். மூன்று தடவை சேமித்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அக்கா விடவில்லை. எழுப்பானந்தரின் பையிலிருந்த அவருடைய சொந்த லேப்டாப்பை எடுத்துத் திறந்து அதே இடத்தில் காப்பை வைத்தார். அது கண்ணை மூடிக்கொண்டது. இப்போது எழுப்புங்கள் சாமி என்றார். மூன்றடி தள்ளி நிற்கச் சொன்னார் அவர். நாங்கள் சுவர் இடிக்கும்வரை தள்ளிப் போனோம், காப்பு மட்டும் தள்ளிப் போகவில்லை. அவர் முணுமுணுத்தார். வேர்த்தது. மறுபடி முணுமுணுத்தார். கட்டைவிரல் மெல்லப் பவர் பட்டனை நோக்கி ஊர்ந்தது.

"விரலை எடுத்துட்டு, வாயால மட்டும் எழுப்புங்க," என்றார் அக்கா.

இந்த இடத்தில் நம்பிக்கையில்லாதவர்களின் மூச்சு கலந்திருக்கிறது என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்கினார். காணிக்கையைத் திருப்பிக் கேட்டுக்கொண்டே வக்கீல் பின்னால் ஓடினார். மூன்றே முக்காலுக்கு வரைபடம் போய்ச் சேர்ந்தது. தங்கைக்கு வேலை நிரந்தரமானது.

கூட்டம் கலையும்போது பல் மருத்துவர் பணிவோடு அக்காவின் அருகே போய், காப்பைக் கழற்ற எந்த நேரம் நல்லது என்று கேட்டார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு படிச்சவங்க இருக்கீங்க. கையை எடுத்துத்தான் பார்ப்போமேன்னு ஒருத்தருக்குக்கூடவா தோணல?"

தோன்றவில்லைதான். ஒரு கையில் காப்பும் மறு கையில் காணிக்கையுமாக நின்றவர்களுக்குத் தலையைச் சொறிய ஏது கை? உங்களுக்கு ஒரு கையாவது காலியாக இருந்தால் ஒரு தடவை சொறிந்து பாருங்கள். உள்ளே இருப்பது எழுந்தாலும் எழும்.