பழவேற்காட்டுக்கு ரயில் விட்ட பாய்

பழவேற்காட்டுக்கு ரயில் விட்ட ஒரே மனிதர் எங்கள் ரயில் பாய்தான். எந்த அரசாங்கமும் செய்யாத அந்தக் காரியத்தை, புதுவாயலில் ஒரு பஞ்சர் கடை மாடியில், டேபிள் ஃபேன் காற்றில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பழைய லேப்டாப்பில், தனி ஆளாகச் செய்தார்.

நானும் பாயும் தேர்வாய் கண்டிகையில் ஒரே தொழிற்சாலை. லாரிகளில் சரக்கேற்றி அனுப்பும் பிரிவு அவருடையது. எங்களோடு அறையில் இருந்த மூன்றாவது ஆள் மோகன்; வெல்டர், கடம்பத்தூர்க்காரன். பாய்க்குச் சொந்த ஊர் பழவேற்காடு. அங்கே ரயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கி பஸ்ஸுக்காக நின்று நின்று வந்த கடுப்பில்தான் அவருக்கு இந்த யோசனை பிறந்ததாம்.

கம்ப்யூட்டரில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஒன்று இருக்கிறது. அதில் நாமே தண்டவாளம் போடலாம், ஸ்டேஷன் கட்டலாம், சிக்னல் நடலாம். போட்ட பாதையை ஒரு பெயர் கொடுத்துச் சேமித்து வைக்கலாம். மற்றவர்கள் அதில் வண்டி ஓட்டி விளையாடுவார்கள். பாய் ரயில்வே இலாகாவே நடத்தினார்.

அவர் பாதைகளைச் சேமிக்கும் முறை உலகத்தில் வேறு எங்கும் இருக்காது. அன்றைக்கு என்ன சாப்பிட்டாரோ அதுதான் பெயர். பொன்னேரி வளைவு 'கருவாட்டுக் குழம்பு'. ஆற்றுப் பாலம் 'முட்டை தோசை'.

"தேதி போட்டு வைக்கலாமே பாய்?" என்றேன்.

"தேதி மறந்துபூடும்பா. துன்னது மறக்குமா?"

இதில் ஒரு சிக்கல். ஒரே பெயரில் இரண்டாவது முறை சேமித்தால் பழையது அழிந்துவிடும். எங்கள் மெஸ்ஸில் அடுத்தடுத்து இரண்டு நாள் உப்புமா போட்டபோது பாய் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "நேத்து உப்புமால ஒரு ஸ்டேஷன் கட்டியிருக்கேன். இத துன்னா அது பூடும்." வேறு நாஷ்டா தேடி வெயிலில் நெடுஞ்சாலை வரைக்கும் நடந்தார்.

ரயில் ஹாரன் சத்தம் தாங்காமல் ஒருநாள் வீட்டுக்கார அம்மா சண்டைக்கு வந்தார். "இன்னா பாய், இது ஊடா, ஸ்டேஷனா?" பாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு நிமிசம்மா, வண்டி பிளாட்பாரத்துல நொழையுது." அந்த அம்மா இடுப்பில் கை வைத்தபடி அப்படியே நின்றார். வண்டி நின்றதும் கோபம் எங்கே போனதோ, "இது இன்னா ஊரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பழவேற்காட்டுப் பாதை வளர வளர லேப்டாப் திணறியது. இடம் பண்ணுவதற்காகப் பாய் பழைய பாதைகளை எல்லாம் அழித்தார். ஒரு ஹோட்டலின் மெனுவே ஒரே நாளில் காலி. மிஞ்சியது பழவேற்காட்டுப் பாதையான 'வஞ்சிரம் வறுவல்' மட்டும். அதற்கு நகல் ஒன்று, கழுத்தில் ஐ.டி. கார்டோடு மாட்டியிருந்த பென் டிரைவில் இருந்தது. அதைச் சட்டையோடு சேர்த்து சோப்புத் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டார். அப்புறம் அரிசி டிரம்மில் புதைத்து வைத்துப் பார்த்தார். பென் டிரைவ் பிழைக்கவில்லை. சோற்றில்தான் சோப்பு வாசம் வந்தது.

அந்த வாரத்தில்தான் மோகன் லேப்டாப்பில் கை வைத்தான். மதியம், பாய் வேலைக்குப் போயிருந்த நேரம். ஆசையாக ஒரு பாசஞ்சர் வண்டியை எடுத்தவன், திருப்பாலைவனம் அருகே எதிரில் வந்த கருவாட்டுச் சரக்கு வண்டியில் மோதினான். பயத்தில் ஏதேதோ பட்டனை அமுக்க, வெறும் பச்சைத் தரை வந்தது. விளையாட்டு பெயர் கேட்டது. பழைய பெயரைப் போட்டால் பழைய பாதை திரும்பிவிடும் என்று நம்பி 'வஞ்சிரம் வறுவல்' என்றே சேமித்தான். பிறகு என்னிடம் போனில் அழுதுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கே ஓடிவிட்டான்.

பாய் வந்து திறந்தார். தண்டவாளம் இல்லை, பாலம் இல்லை, பழவேற்காடு இல்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சேமிக்கப் பெயரும் இல்லை, பாதையும் இல்லை. மறுநாளும் மோகன் அறைக்குத் திரும்பவில்லை, போனையும் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் சட்டை மாட்டினார். "வா, கடம்பத்தூர் போலாம்."

அடிதடி என்றால் எந்தப் பக்கம் நிற்பது? சென்ட்ரல் போய் வண்டி மாறி, மோகன் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை பாய் சிக்னல்களையே வெறித்துக்கொண்டு வந்தார்.

எங்களைப் பார்த்ததும் மோகன் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டான். "பாய், தெரியாம பண்ட்டேன் பாய்! மன்னிச்சுடுங்க பாய்!"

பாய் கதவருகே போனார். "அது கெடக்கட்டும். எப்டிடா மோதுன? அங்க செவப்பு விழுந்திருக்கணுமே?"

உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு, "விழல பாய். பச்சதான் இருந்துச்சு. எதுத்த வண்டிக்கும் பச்ச."

"ரெண்டுத்துக்குமா? நெசமாவா?"

"எங்கம்மா மேல சத்தியமா பாய்."

பாய் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "சிக்னல திருப்பி நட்டுட்டேன்டா! தப்பு என்னுது. அதுல நெசமா ஜனங்க போயிருந்தா இன்னா ஆவறது? நைனா, வெளிய வா. இனிமே நான் போடறேன், நீ ஓட்டிப் பாரு. நீ மோதாத எடம்தான் நல்ல எடம்."

அன்று மாலையே மோகன் எங்களோடு கிளம்பினான். முதல் தண்டவாளத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார் பாய். அவர் போடப் போட மோகன் மோதினான். அவ்வளவு மனசோடு மோத இன்னொருவனால் முடியாது. ஒவ்வொரு மோதலுக்கும் பாய் கைதட்டித் திருத்தினார்.

திறப்பு விழாவுக்கு வீட்டுக்கார அம்மா கேசரியோடு வந்தார். பொன்னேரியில் கிளம்பிய வண்டி, எங்கும் மோதாமல், பழவேற்காடு வந்து நின்றது. நாங்கள் கைதட்டினோம். ஆனால் வண்டி மறுபடி நகர்ந்தது. அடுத்த ஸ்டேஷனின் மஞ்சள் பலகையில் 'கடம்பத்தூர்' என்று இருந்தது.

மோகன் குழம்பிப் போனான். "இன்னா பாய் இது? எங்க ஊரு அரக்கோணம் லைன்ல இருக்குது. பழவேற்காட்டுக்கு அப்பால கடல்தானே?"

"கடல கொஞ்சம் தள்ளிவச்சிட்டேன்," என்றார் பாய். "ஊட்டுக்குப் போவணும்னா நீ சென்ட்ரல் போயி மாறிக்கினு இருப்பியா?"

மோகன் கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் இப்போது வேலை மாறி வேறு ஊருக்கு வந்துவிட்டேன். பாய் புதிய பாதை முடிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நகல் அனுப்புகிறார். அதைத் திறக்க என்னிடம் அந்த விளையாட்டே கிடையாது. இருந்தாலும் எப்போது போன் மாற்றினாலும் முதலில் அவற்றைத்தான் ஏற்றிக்கொள்கிறேன்.