வெள்ளைத் துணிக்குக் கீழே

புதன்கிழமைப் பேச்சுக்கு யாரும் சமோசாவுக்காக வருவதில்லை.

பிஜியின் அந்தக் கடலோரப் பல்கலைக்கழக வளாகத்தில் எங்கும் எழுதி ஒட்டப்படாமல், ஆனால் மூத்த பேராசிரியர் முதல் முதலாண்டு மாணவர் வரை எவராலும் மீறப்படாமல் இருந்துவந்த விதி இது. அதற்கு உட்பிரிவுகளும் உண்டு. அரங்கின் பின்சுவரை ஒட்டி, வெள்ளைத் துணி போர்த்தி நிற்கும் நீண்ட மேசையை உள்ளே நுழையும்போது பார்க்கக் கூடாது. பேச்சு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் எழுந்து ஓடக் கூடாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேச்சாளரின் கருத்தைப் பற்றி இரண்டு வாக்கியமாவது பேசிக்கொண்டே, கால்கள் மட்டும் தன்னிச்சையாகப் போவதுபோல, பக்கவாட்டில் மேசையை நோக்கி நகர வேண்டும். தட்டை எடுக்கும்போது முகத்தில் லேசான வியப்பு இருக்க வேண்டும்: "அட, இதெல்லாம் வேற வச்சிருக்கீங்களா!"

மேல்மாடி நிர்வாக அலுவலகத்தினர் மட்டும் எப்போதும் கடைசியாக வருவார்கள். வந்து, பின்வாசலில் ஒரு கணம் நின்று, வந்த வேகத்திலேயே திரும்பிப் போவார்கள். அறிவுத் துறையில் அவர்களுக்கு அக்கறை இல்லை என்று உனைசி முடிவு கட்டியிருந்தாள்.

மாணவர் சேவைப் பிரிவில் நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்பவள் உனைசி. பேச்சாளரைத் தேடுவது, சுவரொட்டி ஒட்டுவது, ஒலிவாங்கியைத் தட்டி 'ஹலோ' சொல்வது எல்லாம் அவள் வேலை. இந்த மாத இறுதியில் அவளுடைய பணி நீட்டிப்பு முடிவாக வேண்டும். அதில் கையெழுத்திட வேண்டியவர் துணைப் பதிவாளர் பிஷுன் தத். அந்த பிஷுன் தத்தான் திங்கட்கிழமை காலையில் நடைவழியில் அவளை நிறுத்தினார்.

"உனைசி, ஒரு நிமிஷம்."

"சொல்லுங்க சார்."

"அந்தப் புதன்கிழமைப் பேச்சு..." தொண்டையைச் செருமிக்கொண்டு இருபுறமும் பார்த்தார். "அதுல கடைசியில ஒரு ஏற்பாடு வச்சிருக்கீங்களே..."

"டீயா சார்?"

பொது இடத்தில் யாரோ தம் சம்பளத்தை உரக்கச் சொல்லிவிட்டதுபோல அவர் கூசிப்போனார்.

"அதான், அதான். மேல ஆபீஸ்ல நாங்க நாலஞ்சு பேரு அதைப் பத்திப் பேசிக்கிட்டோம். நிலைமை சரியில்லைன்னு எல்லாருக்குமே வருத்தம். இப்படியே விட்டுட முடியாது பாருங்க."

"என்ன சார் சரியில்ல?"

"அதை என் வாயால வேற சொல்லணுமா? உங்களுக்கே தெரியும். இந்த வாரம் நானே ஆரம்பத்துலேர்ந்து வந்து உக்காந்துக்கிறேன். பார்த்துக்கலாம்."

சொல்லிவிட்டு, பூப்போட்ட புலா சட்டையின் கழுத்தைச் சரிசெய்தபடி மாடிப்படியில் மறைந்தார்.

பிரதியில் சொல்லப்படாமல் விடப்பட்ட இடங்களை நிரப்பிப் படிப்பது வாசகரின் உரிமை. உனைசி அந்த உரிமையை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டாள். கூட்டம் சாப்பாட்டுக்காகத்தான் வருகிறது என்று மேல்மாடியில் கண்டுபிடித்துவிட்டார்கள். துணைப் பதிவாளர் நேரில் வந்து உறுதிசெய்யப் போகிறார். பேச்சுத் தொடர் நின்றுபோகும், கூடவே தன் வேலையும். அவளுக்கு வேறு பொருள் எதுவும் தோன்றவில்லை.

ஒரே வழிதான் இருந்தது. இந்தப் புதன்கிழமை சாப்பாடு கிடையாது. சாப்பாடு இல்லாமலும் அரங்கு நிறைகிறது என்பதை அவர் தம் கண்ணாலேயே பார்க்கட்டும்.

அரங்குக்கு நேர் கீழே இருந்த உணவகத்தில் கமல்வதி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த வாரம் எதுவும் வேணாம்."

கமல்வதியின் கை நின்றது. "எதுவும்னா?"

"சமோசா, ரொட்டி, பன்னு... எதுவும்."

"ஏன், என் சமோசாவுல என்ன குறை கண்டே?"

"ஐயோ, குறையெல்லாம் ஒண்ணுமில்ல அக்கா."

"போன வாரம் அந்தத் தாடிக்கார வாத்தியாரு ஆறு எடுத்துப் பையில போட்டுக்கிட்டுப் போனாரே, அப்ப நல்லா இருந்துச்சாம். இப்ப வேணாமாம். வேற எவகிட்டயாவது சொல்லிட்டியா?"

"சத்தியமா இல்லக்கா. ஒரு வாரம் மட்டுந்தான்."

"போம்மா, போ. எனக்கு என்ன ஆளா இல்ல?" என்று கமல்வதி மாவை ஓங்கி அறைந்தாள். அந்த அறை யாருக்கானது என்பதில் உனைசிக்கு ஐயம் எழவில்லை.

அடுத்த சிக்கல் நுட்பமானது. சாப்பாடு இல்லை என்று தெரிந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். எனவே தெரியக் கூடாது. மேசை வழக்கம்போல நிற்க வேண்டும். துணி வழக்கம்போலப் போர்த்தியிருக்க வேண்டும். துணிக்கு அடியில் வழக்கம்போல ஏதாவது மேடுபள்ளமாகத் தெரிய வேண்டும். மாணவர் சேவைப் பிரிவில் எவரும் வாங்கிப் போகாத துண்டறிக்கைகளுக்குப் பஞ்சமே இல்லை. மனநல ஆலோசனை, நூலக நேரம், உதவித்தொகை, விடுதி விதிமுறை என்று கட்டுக் கட்டாக எடுத்துவந்து, தட்டுத் தட்டாக அடுக்கி, மேலே துணியை விரித்தாள். தள்ளி நின்று பார்த்தாள். நடுவில் இருந்த உதவித்தொகைக் குவியல் அச்சு அசலாகச் சமோசாத் தட்டுபோலவே இருந்தது. அவளுக்கே ஒரு கணம் வாயூறியது.

புதன்கிழமை மழை கொட்டியது. ஆனாலும் அரங்கு நிறைந்துவிட்டது. பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த டாக்டர் ஹெட்லி பிரைஸ் என்ற கல்வி ஆலோசகர், 'நேரத்தை நிர்வகிப்பது எப்படி?' என்ற தலைப்பில் பேசவிருந்தார். பிஷுன் தத் எல்லோருக்கும் முன்பாகவே வந்து, கடைசி வரிசையில், மேசைக்கு மிக அருகில் இருந்த நாற்காலியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். சாட்சியத்தின் பக்கத்திலேயே உட்காருகிறார் என்று உனைசிக்குத் தோன்றியது.

டாக்டர் பிரைஸ் நேரத்தை நிர்வகிப்பவர் என்பதால் சொன்ன நேரத்தில் முடித்தார். கைதட்டல் எழுந்தது. வழக்கமான இரண்டு கேள்விகளும் கேட்கப்பட்டன. வழக்கமாக இந்த இடத்தில் உனைசி, "வாங்க, எல்லாரும் டீ சாப்பிடலாம்" என்பாள். இன்று ஒலிவாங்கியை இறுகப் பிடித்துக்கொண்டு, "இத்துடன் நிகழ்ச்சி நிறைவடைகிறது, வினாகா" என்று நன்றி சொல்லி முடித்தாள்.

ஒருவரும் அசையவில்லை.

மந்திரச் சொல் இன்னும் சொல்லப்படவில்லை. அப்படியானால் கமல்வதி இன்னும் தயாராகவில்லை என்றுதானே பொருள்? டீயைப் பற்றிக் கேட்பது விதிமீறல். எழுந்து போவது முட்டாள்தனம். அரங்கின் கூட்டு மனம் சற்று நேரம் தவித்தது. பிறகு நடுவரிசையில் ஒரு மலை எழுந்தது. ரக்பி அணியில் ஆடும் செமிசி. மூன்று ஆண்டுகளில் ஒரு பேச்சிலும் ஒரு கேள்வியும் கேட்டிராதவன்.

"டாக்டர், ஒரு சந்தேகம். நேரத்தை நாம நிர்வகிக்கிறோமா? இல்ல, நேரம் நம்மள நிர்வகிக்குதா?"

டாக்டர் பிரைஸின் முகம் மலர்ந்தது. "அருமையான கேள்வி! இதை யாராவது கேட்க மாட்டாங்களான்னுதான் ஏங்கிட்டிருந்தேன்!" மடித்து வைத்த கணினியை மறுபடி திறந்தார்.

முதலில் உனைசிக்கு நெஞ்சு நிறைந்தது. சாப்பாடு இல்லை, ஆனாலும் உட்கார்ந்திருக்கிறார்கள்! பிஷுன் தத்தைப் பார்த்தாள். அவர் முகம் இறுகியிருந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்; பிறகு கூரையைப் பார்த்தார். வியந்துபோய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

செமிசியின் கேள்விக்கு விடை முடிந்ததும் சமூகவியல் துறைப் பேராசிரியை தெரேசியா எழுந்தார். "என்னுடையது கேள்வி இல்ல. ஒரு கருத்து. அதுக்கு மூணு பகுதி இருக்கு." இரண்டாவது பகுதியில் கூட்டம் நெளியத் தொடங்கியது. ஆனாலும் ஒருவரும் எழவில்லை. மூன்றாவது பகுதி முடிவதற்குள் உனைசிக்கு உண்மை உறைத்தது. இவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்களோ அது வரப்போவதில்லை. அது வராதவரை இவர்களும் போகப்போவதில்லை.

மெல்ல ஒலிவாங்கியை வாங்கினாள். "வகுப்பு இருக்கறவங்க தாராளமாப் போகலாம். நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்."

விளைவு எதிர்பாராதது. கூட்டத்தைக் குறைக்கப் பார்க்கிறாள் என்றால் தட்டில் உள்ளது குறைவு என்றுதானே பொருள்? நாற்காலிகளில் எல்லோரும் இன்னும் அழுத்தமாகப் பதிந்துகொண்டார்கள். வாசலோரம் நின்றிருந்தவர்கள்கூட உள்ளே வந்து தரையில் அமர்ந்தார்கள்.

உனைசி நடுவரிசைக்குப் போய்ச் செமிசியின் காதருகே குனிந்தாள்.

"தம்பி, இன்னைக்கு இல்லடா."

"என்ன இல்லக்கா?"

பின்னால் பிஷுன் தத் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளால் சொல்ல முடியவில்லை. "அது... இல்ல. புரியுதா?"

செமிசி சிறிது யோசித்தான். "இன்னும் இல்ல. அதானே? கவலையை விடுங்கக்கா, நான் இழுத்துப் பிடிக்கிறேன்" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு மறுபடி எழுந்தான். "டாக்டர், தூங்கற நேரம் எந்தக் கணக்குல வரும்?"

அரங்கில் புழுக்கம் ஏறியது. காற்றாவது வரட்டும் என்று உனைசி கடலைப் பார்த்த சன்னல்களைத் திறந்துவிட்டாள். கடற்காற்று வரவில்லை. கீழே உணவகத்தில் கமல்வதி ஏதோ கல்யாண வீட்டுக்காகச் சமோசா பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த மணம்தான் ஏறி வந்தது. சீரகமும் பச்சை மிளகாயும் கொதிக்கும் எண்ணெயுமாக அது அரங்கில் பரவியபோது, அத்தனை பேரும் ஒரே மூச்சாக "ஆ..." என்றார்கள்.

டாக்டர் பிரைஸ் அப்போது, "ஒத்திப்போடுவதே நம் உண்மையான எதிரி" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்துக்கு இப்படியொரு வரவேற்பை அவர் எந்த ஊரிலும் கண்டதில்லை. கண் கலங்கியது. "இந்த மாதிரி ஒரு சபை எனக்கு வாய்ச்சதே இல்லை. உங்களுக்காக ஒரு பயிற்சி. நாளைக்கு நடத்த வேண்டியது, இன்னைக்கே நடத்திடறேன்!"

உனைசி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, பொரிப்பதை நிறுத்தும்படி கைகூப்பிச் சைகை செய்தாள். கமல்வதி நிமிர்ந்து பார்த்தாள். அவளையே பார்த்தபடி அடுத்த ஈடை எண்ணெயில் போட்டாள்.

பயிற்சி தொடங்கியது. கண்ணை மூடி, தங்கள் நேரத்தைத் திருடுவது எது என்று எல்லோரும் நினைத்துப் பார்க்க வேண்டும். எல்லோரும் பணிவோடு கண்ணை மூடினார்கள். பலரின் நாசி மட்டும் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

கண்ணை மூடாதவர் ஒருவர்தான். பிஷுன் தத்தின் வலக்கை நாற்காலியின் பின்பக்கமாக, மிக மெதுவாக, மேசையை நோக்கி நீண்டது. துணியின் ஓரத்தைத் தொட்டது. சற்றுத் தயங்கியது. பிறகு துணி ஒரு சாண் உயர்ந்தது.

மேடைக்குத் திரும்பியிருந்த உனைசி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை.

துணிக்கு அடியிலிருந்து ஒரு துண்டறிக்கை அவர் கைக்கு வந்தது. 'மனம் உடைந்துவிட்டதா? எங்களிடம் பேசுங்கள்' என்றது அது. அவர் அதைப் படித்தார். துணியை இன்னும் தூக்கினார். முழுவதும் தூக்கினார். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மேசையைப் பார்த்தார்.

பிறகு எழுந்து, இருக்கைகளின் நடுவே மேடையை நோக்கி நடந்தார். ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்து திரும்பிப் பார்த்தார்கள். துணி விலகிய மேசையும் அதன் மேல் அடுக்கிய காகிதக் கட்டுகளும் எல்லோர் கண்ணிலும் பட்டன. அரங்கில் இழவு வீட்டு அமைதி. செமிசி நாற்காலியில் சரிந்தான். டாக்டர் பிரைஸ், தம் பயிற்சியால் ஒருவருக்கு உள்ளொளி பிறந்துவிட்டது என்று எண்ணி, ஒலிவாங்கியை மரியாதையோடு நீட்டினார்.

முடிந்தது என்று உனைசிக்குத் தெரிந்துவிட்டது. அவர் வாய் திறப்பதற்குள் தானே சொல்லிவிடலாம் என்று முன்னால் வந்தாள்.

"சார், நீங்க திங்கட்கிழமை சொன்னது எனக்குப் புரிஞ்சுது சார். அதான் இந்த வாரத்துலேர்ந்தே நிறுத்திட்டேன். பாருங்க, அப்படியும் ஒருத்தர்கூடப் போகல!"

பிஷுன் தத் துண்டறிக்கையை மார்போடு பிடித்துக்கொண்டு அவளை நெடுநேரம் பார்த்தார். இத்தனை ஆண்டுப் பணிவாழ்வில் எந்த அவையிலும் எவரும் உரக்கச் சொல்லத் துணியாத ஒன்றை, ஒலிவாங்கியை வாயருகே கொண்டுபோய், அரங்கின் நான்கு மூலையும் அதிர அவர் சொன்னார்:

"நாங்க மாடியிலேர்ந்து இறங்கி வர்றதுக்குள்ள வாராவாரம் சமோசா தீர்ந்துபோயிடுது, கூட ரெண்டு தட்டு வைங்கன்னு கேக்கத்தானேம்மா அன்னைக்கு உங்களை நிறுத்தினேன்!"